கடைக்காரன் வேஷத்தில் வரும் திருடன்

(ஒரு கிராமத்து வாசகசாலையில் ஞாயிறு மாலை நடந்த கூட்டத்தில் தோழர் ஒருவர் பேசியதன் சாரம்.)



இன்றைக்கு நான் பேச வேண்டுமென்று இவ்வாசகசாலைத் தோழர்கள் கேட்டுக்கொண்ட விஷயமானது, செல்போனில் கூப்பிட்டும், மெசேஜும் ஈ-மெயிலும் அனுப்பியும், நாம் சாமான் வாங்குகிற இணையக் கடைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு நம் பணத்தைக் கொள்ளையடிக்கும் பித்தலாட்டத்தைப் பற்றியதாகும். இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நான் கம்ப்யூட்டர் படித்தவனல்ல. போலீஸ் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவனுமல்ல. எனக்குள்ள ஒரே யோக்கியதை, நான் ஏமாந்தவன் என்பதுதான். (சிரிப்பு.) நீங்கள் சிரிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இந்தச் சிரிப்புக்குப் பயந்து மூன்று வாரம் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் இன்னொருவருக்கு என்ன கேடு விளைந்தது என்பதைப் பின்னால் சொல்லுகிறேன். அப்போது நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

நடந்த சங்கதி இதுதான். ஓர் இணையக் கடையில் ரூ. 480-க்கு ஒரு டார்ச் லைட் வாங்கினேன். வந்த டார்ச் எரியவில்லை. கம்பெனியாரிடம் சொல்லலாமென்று அவர்களுடைய ஆப்பைத் திறந்து பார்த்தால், மனிதனிடம் பேசுவதற்கு ஒரு நம்பரைக் காணோம். ஓர் எந்திரம் இங்கிலீஷில் நான்கு கேள்வி கேட்டது. நான் என்ன பதில் சொன்னாலும் திரும்பவும் அதே நான்கு கேள்வியைக் கேட்டது. எரிச்சலடைந்து, கூகிளில் அந்தக் கம்பெனியின் பெயரையும் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்பதையும் எழுதித் தேடினேன். முதலில் வந்த நம்பருக்குப் போன் செய்தேன். எடுத்தவன் நல்ல தமிழில், "வணக்கம் சார், உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கணும்" என்றான். தோழர்களே! என் ஆயுளில் எந்தக் கம்பெனிக்காரனும், எந்த ஆபீஸ்காரனும் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையிலேயே நான் பாதி ஏமாந்துபோனேன்.

மீதிப் பாதிக்குப் பத்து நிமிஷம்தான் ஆயிற்று. பணத்தைத் திருப்பித்தர ஒரு பாரம் பூர்த்தி செய்ய வேண்டுமென்றும், அது எனக்குக் கஷ்டமாயிருக்கும் ஆகையால் அவனே உதவி செய்வதாகவும் சொல்லி, ஓர் ஆப்பைப் போனில் ஏற்றச் சொன்னான். ஏற்றினேன். திரையில் ஒரு நம்பர் வந்தது. அதைப் படித்துக்காட்டச் சொன்னான். காட்டினேன். பிறகு பாரத்தில் பாங்கி அட்டையின் நம்பரை எழுதச் சொன்னான். எழுதினேன். ஓ.டி.பி. ஒன்று வந்தது. அதை நான் அவனுக்குச் சொல்லவே இல்லை. எச்சரிக்கையாயிருக்கிறேன் என்ற கர்வத்தோடு சும்மா இருந்தேன். ஆனால் நான் ஏற்றின ஆப் என்னவென்றால், என் போன் திரையில் தெரிவதையெல்லாம் அவன் தன் இடத்திலிருந்தே பார்க்கும்படிச் செய்கிற ஆப். நான் சொல்லாமலே அவன் படித்துக்கொண்டான். இரண்டு தடவையாக ரூ. 24,000 போயிற்று. இந்த வகை ஆப்களைக் கொண்டு மோசடி நடக்கிறதென்று ரிசர்வ் பாங்கி 2019 பிப்ரவரியிலேயே, 'எனிடெஸ்க்' என்ற ஆப்பின் பெயரைச் சொல்லி, பாங்கிகளுக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தது. அந்த ஆப் திருட்டு ஆப்பல்ல. தூரத்திலுள்ள கம்ப்யூட்டரைப் பழுது பார்ப்பதற்காக ஏற்பட்ட யோக்கியமான கருவிதான். கடப்பாரையும் யோக்கியமான கருவிதான். நடுநிசியில் அதை யார் கையில் கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நான் எதையும் கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டுமென்று ஊர் ஊராய்ப் பேசுகிறவன். ஆனால் அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதை நான் கேட்கவில்லை. எனக்குப் பணம் கொடுக்க வருகிறவனுக்கு என் பெட்டிச் சாவி எதற்கு? மளிகைக் கடைச் செட்டியார் நமக்குச் சில்லறை பாக்கி கொடுக்க வேண்டுமானால் நம் வீட்டுப் பீரோவைத் திறந்து காட்டச் சொல்லுகிறாரா? நான் கடைக்குப் பணம் செலுத்தின வழி கடைக்காரனுக்குத் தெரியும். திருப்பித்தர மனமிருந்தால் அதே வழியில் திருப்பி அனுப்ப வேண்டியதுதானே!

இதிலிருந்து ஒரு சங்கதியை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யு.பி.ஐ. என்னும் முறை 2016-இல் வந்தது. அதில் நாம் அடிக்கிற ரகசிய பின் நம்பர், நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்காக ஏற்பட்டதேயொழிய, பணம் உள்ளே வருவதற்காக ஏற்பட்டதல்ல. பணம் வாங்குவதற்குப் பின் அடிக்கவும் வேண்டியதில்லை, கட்டம் கட்டமாயிருக்கிற படத்தை ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை. "ரீஃபண்ட் அனுப்புகிறேன், பின்னைப் போடுங்கள்" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். இந்த மாதிரி, பணம் கேட்கிற கோரிக்கையை அனுப்பி அதையே பணம் கொடுப்பதாகச் சொல்லி ஏமாற்றியது அதிகமாகிவிட்டபடியால்தான், தனி மனிதர் ஒருவர் இன்னொருவருக்கு அம்மாதிரிக் கோரிக்கை அனுப்புகிற வசதியையே 2025 அக்டோபர் 1-ந் தேதியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வாசலை அடைத்தால் திருடன் ஜன்னலைப் பார்ப்பான் என்பது வேறு விஷயம்.

நிற்க, இவன் போடுகிற வேஷங்கள் பல. "உங்கள் கணக்கிலிருந்து ஒரு லட்ச ரூபாய்க்கு ஐபோன் ஆர்டர் ஆகியிருக்கிறது, நீங்கள் செய்யவில்லையானால் ஒன்றை அழுத்தவும்" என்று எந்திரக் குரலில் கூப்பிடுவது ஒன்று. "உங்கள் பார்சல் கிடங்கில் நிற்கிறது, முகவரி சரியில்லை, 48 மணி நேரத்துக்குள் இந்த லிங்கைத் தொட்டுச் சரி செய்யவும்" என்று மெசேஜ் அனுப்புவது ஒன்று. தபால் இலாகாவின் பெயரிலேயே இப்படி மெசேஜ் பரவி, அது பொய் என்று மத்திய சர்க்காரின் பத்திரிகைத் தகவல் நிலையம் 2024-இல் அறிவிக்க வேண்டியதாயிற்று. கடைப் பெயர் அச்சடித்த காகிதத்தில், சுரண்டிப் பார்க்கிற அட்டையொன்றை வைத்து தபாலிலேயே அனுப்பி, "உங்களுக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறது, முன்கூட்டி வரி மட்டும் கட்டுங்கள்" என்பது ஒன்று. சுரண்டினவர்களுக்கெல்லாம் கார் விழுகிறது! இந்தக் கணக்குப்படி பார்த்தால் நம் ஜில்லாவில் ஒரு மாட்டு வண்டிகூட மிஞ்சியிருக்கக் கூடாது. (சிரிப்பு.)

இன்னொரு வேஷம் கொஞ்சம் சாமர்த்தியமானது. "பார்சல் கொண்டுவருகிற பையன் உங்களுக்குப் போன் செய்ய முடியவில்லை, நான் சொல்லுகிற நம்பரை அடித்தால் அவன் இணைப்புக் கிடைக்கும்" என்று சொல்லி, நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஒரு நம்பரை அடிக்கச் சொல்லுவார்கள். அடித்தால் நமக்கு வருகிற கால்கள் எல்லாம் அவனுக்குப் போய்விடும். பாங்கி நமக்குக் குரலில் சொல்லுகிற ஓ.டி.பி.யும் அவன் காதுக்குப் போகும். நம் வாட்ஸாப்பும் அவன் கைக்குப் போகும். இதன் பொருட்டே, இப்படி நம்பர் அடித்துக் கால்களைத் திருப்பிவிடுகிற ஏற்பாட்டை 2024 ஏப்ரல் 15-ந் தேதி முதல் நிறுத்தும்படி டெலிபோன் கம்பெனிகளுக்குச் சர்க்கார் உத்தரவு போட்டது. ஆயினும், யாரோ சொன்னதற்காக நட்சத்திரமும் நம்பரும் சேர்த்து அடிக்கிற பழக்கம் நமக்கு வேண்டவே வேண்டாம்.

ஆனால் தோழர்களே! வேஷங்களை மனப்பாடம் செய்வதில் பிரயோஜனமில்லை. நான் இன்றைக்கு ஐந்து சொன்னால், அடுத்த மாதம் ஆறாவது வந்துவிடும். வேஷம் எதுவானாலும் உள்ளே இருக்கிற எந்திரம் ஒன்றுதான். முதலில் ஓர் உண்மையைச் சொல்லுவான். பிறகு பயத்தையோ ஆசையையோ காட்டுவான். பிறகு, யோசிக்க விடாமல் அவசரப்படுத்துவான்.

அந்த முதல் உண்மைதான் நம்மைக் கவிழ்க்கிறது. "நான் ஆர்டர் செய்தது இவனுக்கு எப்படித் தெரிந்தது? ஆகையால் இவன் கம்பெனிக்காரன்தான்" என்று நினைத்துவிடுகிறோம். குறி சொல்லுகிறவன் "உன் மனசில் ஒரு கவலை இருக்கிறது" என்றதும், "அடடா, எப்படிக் கண்டுபிடித்தான்!" என்று மலைத்துப்போகிறவர்களை நாம் பரிகாசம் செய்கிறோமே, நாம் செய்வதும் அதேதான். கவலையில்லாத மனிதன் எங்கே இருக்கிறான்? அப்படியே, தீபாவளிக்கு முன் பண்டிகைத் தள்ளுபடி நடக்கிற வாரத்தில் நூறு பேருக்குப் போன் செய்து "உங்கள் பார்சல்" என்று சொன்னால், எத்தனையோ பேர் வீட்டில் அன்றைக்கு ஒரு பார்சலை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். பார்சலை எதிர்பாராதவன் போனை வைத்துவிடுவான். எதிர்பார்க்கிறவன் சிக்குவான். இதில் ஞானதிருஷ்டி ஒன்றுமில்லை.

பேரும் முகவரியும் கூடச் சரியாகச் சொல்லுகிறானே என்பீர்கள். பார்சல் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் என்ன செய்கிறோம்? தெருவில் எறிகிறோம். அதன்மேல் ஒட்டியிருக்கிற காகிதத்தில் நம் பெயர், வீடு, பல சமயங்களில் போன் நம்பர், எந்தக் கடை என்பது உட்பட எல்லாம் அச்சாகியிருக்கிறது. அதைக் கிழித்துப் போடுகிறவர் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கை தூக்குங்கள் பார்ப்போம். (இரண்டு பேர் தூக்கினார்கள்.) அதுவும் போகட்டும். நாம் பத்திரமாக இருந்தாலும், நம் விவரங்களை வாங்கி வைத்திருக்கிற கம்பெனிகள் பத்திரமாக இருப்பதில்லை. 2020 நவம்பரில் பிக்பாஸ்கெட் என்ற கடையின் வாடிக்கைக்காரர்கள் சுமார் 2 கோடிப் பேருடைய விவரங்கள் திருட்டுச் சந்தையில் விலைக்கு வந்திருப்பதாகச் செய்தி வெளியாயிற்று. ஆகவே, ஒருவனுக்கு என் பெயர் தெரியும் என்பதிலிருந்து, அவனுக்கு என் பெயர் தெரியும் என்பதுதான் நிரூபணமாகிறதேயொழிய, அவன் யார் என்பது நிரூபணமாகவில்லை.

சரி, இதற்கு என்னதான் வழி? எனக்குத் தெரிந்த வழி, போனை வைத்துவிடுவதுதான். மரியாதை கெட்டதாகுமே என்று நினைக்க வேண்டாம். எதிரே ஒருவன் இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ, 'ஹெட் ஆபீஸ்', 'டிப்பார்ட்மெண்ட்' என்று அதிகாரமாய்ப் பேசினால், அதை நடுவில் வெட்டிப் பேச நமக்குக் கூச்சமாயிருக்கிறது. பெரிய குரலைக் கேட்டதும் எழுந்து நின்று கைகட்டிப் பழகின உடம்பு இது. திருடனுக்கு முதல் முதலீடு நம்முடைய இந்தக் கூச்சம்தான். போனை வைத்துவிட்டு, நாமே நம் கையால் அந்தக் கடையின் ஆப்பைத் திறந்து, 'என் ஆர்டர்கள்' என்ற இடத்தைப் பார்க்க வேண்டும். ஒரு லட்ச ரூபாய் ஐபோன் அங்கே இருந்தால்தானே ரத்து செய்ய வேண்டும்? அங்கே இல்லையென்றால் அது எங்கேயும் இல்லை. கம்பெனியோடு பேச வேண்டுமானாலும் அந்த ஆப்புக்குள்ளிருந்தே பேச வேண்டும். கூகிளில் கிடைக்கிற நம்பரைத் தொடக் கூடாது. அவன் அனுப்பின லிங்க், அவன் கொடுத்த நம்பர், அவன் அனுப்பின ஆப், இவையெல்லாம் அவன் போட்ட பாதை. அந்தப் பாதையில் போனால் அவன் வீட்டுக்குத்தான் போய்ச் சேருவோம்.

மெயிலையும் லிங்கையும் பற்றி ஒரு வார்த்தை. மெயிலில் 'அனுப்பியவர்' என்று பெரிய எழுத்தில் தெரிகிற பெயர், கவரின் முதுகில் எவன் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது போன்றது. அதைத் தொட்டால் உள்ளே முழு முகவரி தெரியும். கடிதத்தில் ஊர்ப் பெயர் கடைசியில் வருவதுபோல, இணைய முகவரியிலும் உண்மையான சொந்தக்காரன் பெயர் கடைசியில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு இருந்தால் அதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு முதல் ஒற்றைச் சாய்கோடு வருகிறவரைக்கும் உள்ள பகுதியை எடுத்துக்கொண்டு, அதை வலது பக்கமிருந்து படித்துப் பாருங்கள். முன்னால் வேறு எழுத்தோ சிறு கோடோ ஒட்டாமல் 'அமேசான் டாட் இன்' என்று முடிந்தால் அது அமேசான் கடை. 'அமேசான் டாட் இன்' என்று தொடங்கி, பிறகு 'ஏதோ ஒன்று டாட் காம்' என்று முடிந்தால், அது அந்த ஏதோ ஒன்றுக்காரனுடைய இடம். அமேசான் என்பது அவன் வாசலில் மாட்டின போர்டு. எழுத்திலும் ஏமாற்றுவார்கள். இங்கிலீஷில் 'ஆர்' 'என்' என்ற இரண்டு சின்ன எழுத்தையும் நெருக்கி எழுதினால் 'எம்' போலத் தெரியும். 'ஓ'வுக்குப் பதில் பூஜ்யம் போடுவார்கள். பக்கத்தில் ஒரு பூட்டுப் படம் இருக்கிறதே, அது பத்திரமில்லையா என்று ஒரு தோழர் முன்பு கேட்டார். அந்தப் பூட்டு, வழியில் போகிற கடிதத்தை நடுவில் ஒருவன் பிரித்துப் படிக்க முடியாது என்பதற்கு அத்தாட்சி. கடிதம் போய்ச் சேருகிற இடத்தில் இருப்பவன் யோக்கியன் என்பதற்கு அத்தாட்சியல்ல.

படியாத பாமர மக்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள் என்று படித்தவர்கள் சொல்லிக்கொள்ளுகிறார்கள். அமேசான் பிறந்த அமெரிக்காவையே பாருங்கள். அங்கே 2020 ஜூலை முதல் 2021 ஜூன் முடிய, அமேசான் பெயரைச் சொல்லித் தங்களை ஏமாற்ற வந்ததாக அந்நாட்டு வர்த்தகக் கமிஷனிடம் சுமார் 96,000 பேர் புகார் செய்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 6,000 பேர் பணத்தையும் இழந்தவர்கள். போன பணம் 2 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல். அமெரிக்காக்காரர்களை ஏமாற்றியவர்களில் நம் நாட்டுக்காரர்களும் உண்டு என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் சி.பி.ஐ. இணைய மோசடிக்காரர்களைத் தேடி 76 இடங்களில் சோதனை போட்டது. அந்த வழக்குகளில், தங்கள் பெயரால் கால் சென்டர் வைத்து வெளிநாட்டாரை ஏமாற்றுகிறார்கள் என்று அமேசானும் மைக்ரோசாஃப்டும் கொடுத்த புகார்களும் சேர்ந்திருந்தன. இன்னொரு கொடுமையும் உண்டு. வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள், மியான்மரில் மியாவாடி என்ற இடத்தில் இம்மாதிரி இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டு, 2022-இல் மீட்கப்பட்டு வந்தார்கள். ஆகவே போனில் நம்மை "சார்" என்று கூப்பிடுகிறவன், அடிக்குப் பயந்து பேசுகிற அடிமையாகவும் இருக்கக்கூடும். அதற்காக அவனிடம் ஓ.டி.பி. சொல்ல வேண்டுமென்பதில்லை.

இனி நான் முதலில் சொன்ன மூன்று வாரக் கதைக்கு வருகிறேன்.

பணம் போன அன்று எனக்கு ஏற்பட்டது துக்கமல்ல, வெட்கம். வீட்டில்கூடச் சொல்லவில்லை. பாங்கிக்கு ஒரு பாக்கி கட்ட வேண்டியிருந்தது என்று பொய் சொன்னேன். போலீஸுக்கும் போகவில்லை. "ஊருக்கு உபதேசம் செய்கிறவன் ஏமாந்தான்" என்று நாலு பேர் சொல்லுவார்களே என்பதுதான் காரணம். எங்கள் தெருவில் தையல் தைத்துப் பிழைக்கிற ஓர் அம்மாள் இருக்கிறார். புருஷன் இல்லை. மகளை நர்சுப் படிப்பில் சேர்ப்பதற்காக ரூ. 61,500 சேர்த்து வைத்திருந்தார். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலையில் என்னிடம் வந்து, "அண்ணா, ஒரு மனு எழுதித் தரணும்" என்றார். மிக்ஸி ஜாடி உடைந்து வந்ததாம். கூகிளில் நம்பர் தேடினாராம். நல்ல தமிழில் பேசினானாம். ஓர் ஆப் ஏற்றச் சொன்னானாம். அவர் சொல்லச் சொல்ல, எனக்கு நடந்ததையே எவனோ எனக்குப் படித்துக்காட்டுவது போலிருந்தது. அது நடந்து அன்றைக்கு நான்காவது நாள். மகளுக்குத் தெரிந்தால் படிப்பு வேண்டாமென்று சொல்லிவிடுவாளே என்று நான்கு நாள் அவரும் ஒளித்திருக்கிறார். புகார் கொடுத்ததில், எங்கெங்கோ கை மாறிப்போன பணத்தில் ரூ. 8,000 மட்டும் ஒரு கணக்கில் முடக்கப்பட்டு, பல மாதம் கழித்து வந்தது. அந்த வருஷம் அந்தப் பெண் கல்லூரியில் சேரவில்லை.

தோழர்களே! நான் ஏமாந்த மறுநாளே இந்தத் திண்ணையில் உட்கார்ந்து, "இப்படி ஏமாந்தேன்" என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாள் அந்த நம்பருக்குப் போன் செய்திருப்பாரா? அந்தப் பணத்தைத் திருடன் எடுத்தான் என்பது உண்மைதான். ஆனால் என் வெட்கம் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது. திருடினவன் வெட்கப்படாமல் அடுத்த நம்பரை அடித்துக்கொண்டிருக்கிறான்; பறிகொடுத்தவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளுகிறான். இது என்ன நியாயம்? அந்த அம்மாளிடம் நான் என் கதையைச் சொன்னபோது, அவர் என்னை ஒரு வார்த்தையும் வையவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றார். அதிலிருந்துதான் ஊர் ஊராய் இதைச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

வெட்கத்தால் போகிற நேரம்தான் திருடனுக்கு லாபம். 1930 என்று ஒரு நம்பர் இருக்கிறது. பணம் போனதும் அதைக் கூப்பிட்டுச் சொன்னால், பணம் எந்தப் பாங்கிக்குப் போயிற்றோ அந்தப் பாங்கிக்குத் தகவல் போய், இன்னும் எடுக்கப்படாமலிருந்தால் அங்கேயே நிறுத்தி வைக்கிறார்கள். இந்த ஏற்பாடு 2021-இல் வேறொரு நம்பரில் ஆரம்பித்து, பிறகு 1930 ஆயிற்று. திருடன் பணத்தை ஒரு கணக்கில் வைத்திருப்பதில்லை. ஒன்றிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து இருபது என்று மாற்றிக்கொண்டே போவான். ஆகையால் இதில் நாள் கணக்கு இல்லை, நிமிஷக் கணக்குத்தான். கூடவே பாங்கிக்கும் சொல்லி, எழுத்தில் ஓர் அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் பாங்கி 2017 ஜூலை 6-ந் தேதியிட்ட சுற்றறிக்கையில் ஒரு நியாயம் வகுத்தது. வாடிக்கைக்காரர் தாமே ரகசியத்தைச் சொல்லிவிட்டதால் நஷ்டம் வந்தாலும், அவர் பாங்கிக்குத் தெரிவிக்கிற வரையில் போனதுதான் அவர் தலையில்; தெரிவித்த பிறகு போவது பாங்கியின் தலையில் என்பது அது. தவறு அவர் பேரிலும் இல்லை, பாங்கி பேரிலும் இல்லை, நடுவில் எங்கோ நடந்த திருட்டு என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டமே இல்லை என்றும் அதில் சொன்னார்கள். வாயைத் திறந்தவனுக்குத்தான் அந்த நியாயம்; மூடிக்கொண்டிருந்தவனுக்கு அதுவும் இல்லை.

கம்பெனிக்காரர்களையும் சும்மா விடக்கூடாது. நான் ஏன் கூகிளில் தேடினேன்? கடைக்காரன் தன் நம்பரை ஒளித்துவைத்ததால்தானே? சாமானை விற்பதற்குத் தமிழில் விளம்பரம் செய்யத் தெரிகிறது. சாமான் உடைந்தால் மட்டும் தமிழ் மறந்துபோகிறது. எனக்குத் தமிழில் பதில் சொன்னவன் திருடன் ஒருவன்தான். இணையக் கடைக்காரர்கள் தங்கள் முகவரி, வாடிக்கைக்காரர் கூப்பிட வேண்டிய நம்பர், குறை கேட்கும் அதிகாரியின் பெயர் ஆகியவற்றைத் தெளிவாகக் காட்ட வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-இல் சர்க்கார் விதி செய்திருக்கிறது. அதன்படி நடக்காத கடைக்காரனைப் பற்றி 1915 என்ற நுகர்வோர் நம்பரில் புகார் சொல்லலாம். நூறு கிராமத்திலிருந்து நூறு புகார் போனால் நம்பர் தானே வெளியே வரும்.

சீட்டுகள் வந்திருக்கின்றன. "அப்படியானால் இணையக் கடையில் வாங்குவதையே நிறுத்திவிடலாமா?" என்று ஒருவர் கேட்கிறார். ஏன் நிறுத்த வேண்டும்? ஜேப்படிக்காரன் இருக்கிறானென்று ரயிலில் ஏறாமலிருக்கிறோமா? நம் ஊர் நெசவாளி தரகன் தயவில்லாமல் டில்லிக்காரனுக்குத் துண்டு விற்கிறானென்றால் அது இந்த இணையத்தால்தான்.

"கிராமத்தில் தனியாயிருக்கிற என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, என்ன செய்வது?" என்பது இன்னொரு சீட்டு. அவருக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுங்கள்: "என் மகன் வரட்டும், அவனிடம் பேசு." சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். யு.பி.ஐ.க்கு என்று ஒரு சின்னக் கணக்கை வைத்து, அதில் இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு மேல் வைக்காதீர்கள். சேமிப்பு வேறு கணக்கில் இருக்கட்டும். அதைவிட முக்கியம், அவர் ஏமாந்தால் நீங்கள் வையமாட்டீர்கள் என்ற தைரியம் அவருக்கு இருக்க வேண்டும். வைகிற மகனிடம் எந்தத் தாயும் சொல்ல மாட்டாள்.

கடைசிச் சீட்டு நல்ல கேள்வி. "பார்சல் கொண்டுவருகிற பையனே வாசலில் நின்று ஓ.டி.பி. கேட்கிறானே, அவனும் திருடனா?" விலை உயர்ந்த சாமான்களுக்குச் சில கடைகள் அப்படி ஏற்பாடு வைத்திருப்பது உண்மை. ஆகையால் வந்த மெசேஜைப் படிக்க வேண்டும். அது எதற்கான நம்பர் என்று அதிலேயே எழுதியிருக்கும். பார்சலைக் கையில் வாங்கிய பிறகு, பார்சல் ஒப்படைப்பதற்கென்று கடையின் பெயரில் வந்த நம்பரானால் சொல்லலாம். பாங்கியின் பெயரோ, ரூபாய்த் தொகையோ அதில் இருந்தால் சொல்லக்கூடாது. போனில் கேட்டால் எதுவானாலும் சொல்லக்கூடாது. நீங்கள் ஆர்டர் செய்யாத பார்சல் வந்து, வேண்டாமென்றதும் "ரத்து செய்ய ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்றால் அதற்கும் சொல்லக்கூடாது; வாங்காத சாமானை ரத்து செய்ய நம் கையெழுத்து எதற்கு? அந்தப் பையனை வைய வேண்டாம். வெயிலில் ஐம்பது வீடு ஏறி இறங்குகிறவன் அவன். பெரும்பாலும் அவனுக்கும் ஒன்றும் தெரிந்திராது. "தம்பி, கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டுச் சொல்லுகிறேன், அரை நிமிஷம் நில்" என்றால் நிற்பான். நிழலில் நிற்கச் சொல்லுங்கள். மணி ஒன்பதாகப் போகிறது, கடைசி பஸ் வந்துவிடும். 1930-ஐக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், போனில் பதிந்துகொள்ளத் தெரியாதவர்கள் வாசகசாலைத் தோழர்களிடம் போனைக் கொடுத்துப் பதிந்துகொண்டு போகலாம்.